காணாமற்போனோர் கதைகளும் மனையற மறைவும்: நல்லதங்காள் முதல் மேனகா வரை

தமிழ் நாவலின் தோற்றத்தை ஆராய்ந்தோருள் பலர், குடும்பத்துள் நிகழும் மறைவான செயல்களையும், காணாமற்போனவரைத் தேடும் முயற்சியையும் பொருளாகக் கொண்ட நாவல்களை மேனாட்டுச் சரக்கு எனத் தள்ளிவிடுவது வழக்கமாக இருந்து வந்துள்ளது. ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் கதைகளைத் தழுவி ஆரணி குப்புசாமி முதலியார் முதலானோர் எழுதிக் குவித்தமையே இக் கருத்திற்குக் காரணம். தழுவல்கள் பல உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின், வீட்டிலிருந்து ஒருவர் மறைதல், அவர் மறைந்த காரணத்தை வீட்டிலுள்ள மற்றொருவர் ஒளித்தல், உண்மை பின்னர் வெளிப்படுதல் என்னும் கதையமைப்பு தமிழ் மக்கள் ரெயினால்ட்ஸை அறியுமுன்பே நன்கறிந்திருந்த ஒன்று. அதற்குச் சிறந்த சான்று நல்லதங்காள் கதை. அக்கதையிலிருந்து தொடங்கி, கமலாம்பாள் சரித்திரம், மேனகா ஆகிய நாவல்கள் வரை இவ்வமைப்புச் சென்ற நெறியைக் காண்பதும், அந்நெறியில் பழி யார்மேல் விழுகிறது என்பதை ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை நடந்த நிலம்

நல்லதங்காள் பிறந்த ஊர் அருச்சுனாபுரம் என்பர். அது வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ளது. அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் மானாமதுரை. வைகைக் கரையில் உள்ளது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே பரந்து கிடப்பது திருச்சுழி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி ஆகிய ஊர்களைக் கொண்ட வறள்நிலம். 1910-இல் அமைந்த பழைய இராமநாதபுர மாவட்டத்தின் பகுதியாயிருந்து, 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் அடங்கியது இந் நிலப்பரப்பு. வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியது. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சி தரும். கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். மழை பொய்ப்பின் இவையும் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் இளங்கோவடிகள் விளக்குவது இந்நாட்டார்க்கு நூலறிவன்று, கண்ணறிவு.

இத்தகைய நிலத்தில் குடும்பம் காணாமற்போதல் கற்பனைச் செய்தி அன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். எஞ்சியோருள் பலர் ஊரை விட்டு வழிநடந்தனர். இலங்கைத் தோட்டங்களுக்கும் பருமாவுக்கும் தென்மாவட்ட மக்கள் பெயர்ந்ததும் அந்நூற்றாண்டிலேயாம். கதவு பூட்டிய வீடும், 'எங்குப் போயினர்?' என்னும் வினாவும் ஊர்தோறும் இருந்தன. நல்லதங்காள் கதை பஞ்சத்தில் தொடங்குவதும், அக்கதை இப்பகுதியில் வேரூன்றி நின்றதும் இதனாலேயே எளிதில் விளங்கும்.

நல்லதங்காள் கதையின் அமைப்பு

புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கிய 'பெரிய எழுத்து' நூல்களுள் நல்லதங்காள் கதையும் ஒன்று. நளவெண்பா இயற்றிய புகழேந்தியார் இதனை இயற்றியவர் அல்லர் என்பதை மொழிநடை ஒன்றே காட்டும். அச்சு நூலை ஒருவர் படிக்கத் தெருவார் பலர் கூடிக் கேட்பர். வாய்மொழியாகப் பெண்டிர் சொல்லக் கேட்போரும் பலர். பிற்காலத்தில் நாவல் படித்தோரின் முன்னோர் இவர்களே என்பது மனங்கொளத் தக்கது.

கதை யாவரும் அறிந்ததே. பன்னீராண்டுப் பஞ்சம் வருகிறது. நல்லதங்காள் தன் கணவன் காசிராசனைப் பிரிந்து, ஏழு மக்களுடன் தமையன் நல்லதம்பியின் வீட்டை நோக்கி நடக்கிறாள். வழியில் வேட்டைக்கு வந்த தமையனைக் காண்கிறாள். அவன் அவளை வீட்டிற்கு முன்னே அனுப்பிவிட்டுத் தான் காட்டில் தங்குகிறான். வீட்டிலிருந்த அண்ணி மூளி அலங்காரி அவளை வரவேற்கவில்லை. கதவடைக்கிறாள், பசித்த குழந்தைகளுக்கு உணவு மறுக்கிறாள். மனமுடைந்த நல்லதங்காள் மக்கள் எழுவரையும் பாழுங்கிணற்றில் எறிந்து, தானும் வீழ்கிறாள். அவள் போகும்போது தமையன் அறிந்து பின்தொடரும்பொருட்டு வழிநெடுகச் செடிகளை ஒடித்து இட்டுச் செல்வதாகக் கதை சொல்வாரும் உண்டு.

நம் ஆராய்ச்சிக்குச் சிறப்பாக வேண்டுவது இதன்பின் வரும் பகுதி. நல்லதம்பி வீடு திரும்புகிறான். 'தங்கை எங்கே?' என்று மனைவியைக் கேட்கிறான். விருந்திட்டு அனுப்பியதாக அவள் பொய்யுரைக்கிறாள். அயலார் வாயிலாக அவன் மெய்யை அறிகிறான். தேடிச் சென்று கிணற்றைக் காண்கிறான். காசிராசனும் மனைவி மக்களைத் தேடி வருகிறான். மனைவியைக் கொன்று தானும் மாய்கிறான் நல்லதம்பி. அருச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. அவள் வீழ்ந்ததாகக் கூறும் கிணற்றையும் அங்கே காட்டுவர்.

காணாமற்போன குடும்பம், கணவனிடம் மனைவி மறைத்த செய்தி, அயலார் சான்று, வழியடையாளம், தேடல், கண்டுபிடிப்பு, தண்டனை ஆகிய அனைத்தும் இதன்கண் அமைந்திருத்தல் காண்க. துப்பறிவோன் என்னும் பெயர்தான் இல்லை.

கேட்போர் அறிவர்; வீட்டுத் தலைவன் அறியான்

இக்கதையை ஆங்கில நாட்டு மறைபொருள் நாவலோடு ஒப்பிடின் ஒரு வேறுபாடு தெளிவாகும். மேரி பிராடன் என்னும் பெண் எழுத்தாளர் 1862-இல் நூல்வடிவில் வெளியிட்ட 'லேடி ஆட்லியின் மறைபொருள்' என்னும் நாவல் அவ்வகையுள் பெரும்புகழ் பெற்றது. அதிலும் ஒருவன் காணாமற்போகிறான். அதிலும் கிணறு உண்டு. அதிலும் மனைவி ஒருத்தி கணவனிடம் தன் முன்னை வாழ்வை மறைக்கிறாள். ஆயின், அவள் மறைப்பது படிப்போர்க்கும் மறைபொருளாகவே நிற்கிறது. காணாமற்போனவனின் நண்பன் சிறிது சிறிதாகச் சான்று திரட்டுகிறான். படிப்போரும் அவனுடன் சேர்ந்து ஐயுறுகின்றனர். 'நடந்தது என்ன?' என்னும் வினாவே அந்நாவலை நடத்துகிறது.

நல்லதங்காள் கதையில் நடந்தது என்ன என்பதைக் கேட்போர் முன்னரே அறிவர். கிணற்றை அவர்கள் கண்டுவிட்டனர். அறியாதவன் நல்லதம்பி ஒருவனே. 'அவன் எப்போது அறிவான்? அறிந்தால் என் செய்வான்?' என்பனவே கேட்போரை இருத்தி வைக்கும் வினாக்கள். யாம் வலியுறுத்த விரும்பும் முதற்கருத்து இதுவாகும். தமிழில் குடும்ப மறைபொருட் கதையின் விறுவிறுப்பு, படிப்போரின் அறியாமையில் பிறப்பதன்று. வீட்டுத் தலைவனின் அறியாமையில் பிறப்பது.

அறியாமைக்குக் காரணம் யாது? அவன் வீட்டில் இல்லாமை. தங்கையை வழியிற் கண்டும் உடன் செல்லாது, முன்னே அனுப்பிவிட்டு வேட்டையில் நின்றவன் நல்லதம்பி. அவன் உடன் சென்றிருப்பின் கதையே இல்லை. ஆயினும் கதை அவனை வினவுவதில்லை. தென்னாட்டில் கொடிய பெண்ணை 'மூளி அலங்காரி' என வைவது வழக்கு; கடமை மறந்த ஆணை 'நல்லதம்பி' என வைவார் இலர். பழி முழுதும் அண்ணிமேல் சென்று நிற்கிறது. இஃது எம் இரண்டாவது கருத்து.

மூளி அலங்காரி செய்த கொடுமையை மறுப்பது எம் கருத்தன்று. பசித்த குழந்தைக்குக் கதவடைத்தல் எக்காலத்தும் கொடுமையே. ஆயின், பன்னீராண்டுப் பஞ்சத்தில் ஏழு குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு தந்தைக்கும் மாமனுக்கும் இருந்ததாகக் கதை எண்ணவில்லை. அடுப்பங்கரையில் நின்ற ஒருத்தியின் பொறுப்பாகவே எண்ணியது. பஞ்சம் என்னும் பெருங்கேடு ஒரு பெண்ணின் குணக்கேடாகச் சுருங்கிவிட்டது.

திருச்சுழியிலிருந்து ஒரு வரலாற்றுச் செய்தி

இவ்விடத்தில், இவ்வறள்நிலத்திற்குரிய ஓர் உண்மை நிகழ்ச்சியையும் ஒப்புநோக்குதல் தகும். 1879 டிசம்பர் 30-ஆம் நாள் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1896 ஆகஸ்டு 29-ஆம் நாள் மதுரையில் இருந்த தம் வீட்டை விட்டு எவரிடமும் சொல்லாது நீங்கினார். தந்தையார் சுந்தரமையர் 1892-இலேயே மறைந்துவிட்டார். தம்மைத் தேடிப் பொருட்செலவு செய்ய வேண்டா என்னும் குறிப்பினை எழுதி வைத்துவிட்டு, தமையனாரின் கல்லூரிக் கட்டணத்திற்கான 5 ரூபாயில் 3 ரூபாய் எடுத்துச் சென்ற அப் பதினாறு வயது இளைஞரே பின்னாளில் இரமண மகரிஷி எனப் போற்றப்பெற்றவர். ஈராண்டுகளாகத் துயருற்ற தாயார் அழகம்மாள், மகன் இருக்குமிடம் அறிந்து 1898-இல் திருவண்ணாமலை சென்று அழைத்தும் அவர் திரும்பவில்லை. 1916 முதல் தாயாரே அங்குச் சென்று வாழ்ந்து 1922-இல் மறைந்தார்.

மகரிஷியின் ஆன்மிகப் பெருமை இக்கட்டுரையின் பொருளன்று. காணாமற்போதலை உலகம் எவ்வாறு பொருள்கொண்டது என்பதே நாம் காண வேண்டுவது. ஆண்மகன் வீடு நீங்குவதற்குத் துறவு என்னும் பெயரும் மதிப்பும் முன்னரே ஆயத்தமாக இருந்தன. அதே ஆண்டில் பெண்ணொருத்தி ஒரு குறிப்பெழுதி வைத்து வீடு நீங்கியிருப்பின் ஊரார் தந்திருக்கும் பெயர் யாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சங்கப் புலவர் அம்பல் எனவும் அலர் எனவும் கூறியதே அது. அன்று அகப்பாட்டில் களவுக் காதலைச் சுற்றி எழுந்த அலர், நாவல் காலத்தில் திருமணமான பெண்ணின் வீட்டு முற்றத்திற்கு வந்துவிட்டது.

நாவல் தோன்றிய காலம்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரத்தில் கணவனும் மனைவியும் பிரிகின்றனர். தேடிச் செல்பவள் மனைவி ஞானாம்பாள். ஆனால், அவள் பெண்ணாகத் தேடவில்லை. ஆணுடை பூண்டு சென்று ஒரு நாட்டின் அரசனாகவும் அமர்கிறாள். பெண் வீட்டை விட்டு நீங்கியும் பழிக்கு ஆளாகாதிருக்க வேண்டின் ஆணாக மாறுதல் வேண்டும் என்பதை, முனிசீப்பாகப் பணிபுரிந்து குடும்ப வழக்குகள் பல கண்ட அவ்வாசிரியர் நன்குணர்ந்திருந்தார் போலும்.

பி. ஆர். இராஜமையர் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' என்னும் இதழில் எழுதிய நாவலின் முதற்பெயரே நம் பொருளுக்கு உரிய சான்று. 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது அது. அபவாதம் என்பது பழிச்சொல், பழைய அலர். மதுரை நாட்டுச் சிறுகுளம் என்னும் ஊரில் வாழும் முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாள் ஆகியோரின் இல்லறத்தில் குழந்தை நடராஜன் காணாமற்போகிறான். பின்னர்க் கமலாம்பாளின் கற்பைக் குறித்த பழிச்சொல் பரவுகிறது. அதனை நம்பிய கணவர் வீட்டை விட்டு நீங்குகிறார். குடும்பமே சிதறுகிறது. கமலாம்பாள் குற்றமற்றவள் என்பது படிப்போர்க்கு ஒருபோதும் ஐயமன்று. அறியாதவர் முத்துஸ்வாமி ஐயர் ஒருவரே. நல்லதங்காள் கதையின் அமைப்பு ஈண்டு மாறாது வந்திருத்தல் காண்க. இல்லத்தில் பகை வளர்ப்பவளும் ஓரகத்தியாகிய பொன்னம்மாளே.

மாறியது முடிவு. முத்துஸ்வாமி ஐயர் சச்சிதானந்த சுவாமிகள் என்னும் ஞானாசிரியரை அடைந்து தெளிவு பெறுகிறார், குடும்பமும் ஒன்றுகூடுகிறது. 26 ஆண்டுகளே வாழ்ந்து 1898-இல் மறைந்த இராஜமையர் வேதாந்தத்தில் ஆழ்ந்தவர். 1896-இல் தொடங்கிய 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியர். அவருக்கு இம்முடிவு இயல்பானதே. ஆயின், மனையற நோக்கில் ஒன்று கூறவேண்டும். பழிச்சொல்லைக் கேட்டு வீடு நீங்கிய கணவருக்கு அந்நீக்கம் ஞானத்தின் வாயிலாயிற்று. அதே பழிச்சொல் கமலாம்பாளுக்குத் துன்பமாகவே நின்றது.

அ. மாதவையா 1898-இல் வெளியிடத் தொடங்கிய பத்மாவதி சரித்திரத்தின் தொடர்ச்சியிலும் கணவன் நாராயணன் குற்றமற்ற மனைவியை ஐயுறுகிறான். ஆங்கிலக் கல்வி பெற்றவனும் இவ்வையத்திற்கு விலக்கல்லன் என்பதை மாதவையா காட்டினார். கல்வி வளர்ந்தும் அலரின் ஆற்றல் குறையவில்லை.

துப்பறிவோன் வருகை

பண்டித நடேச சாஸ்திரி 1894-இல் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழுக்குக் கொணர்ந்தார். ஜே. ஆர். ரங்கராஜு 1908-இல் இராஜாம்பாளை எழுதித் துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் அறிமுகப்படுத்தினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்கள் இதனைத் தொடர்ந்து பெருவழக்காயின. 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள், இத்துறையில் பெண்ணின் எழுத்தும் நிலைபெறச் செய்தார்.

இவற்றுள் மேனகா நம் பொருளுக்கு மிக நெருங்கியது. தஞ்சையில் டிப்டி கலெக்டராயிருந்தவரின் மகள் மேனகா. சென்னை வக்கீல் வராகசாமியின் மனைவி. கணவன் ஊரில் இல்லாத வேளையில், அவனுடைய விதவைச் சகோதரியரும் சாமாவையர் என்பவனும் சூழ்ந்து அவளை வஞ்சகமாக வேறொருவன் வீட்டிற்கு அனுப்பிவிடுகின்றனர். அவள் தானே ஓடிப்போயினள் எனக் கணவனை நம்பச் செய்யப் பொய்க் கடிதங்கள் உண்டாக்கப்படுகின்றன. அவளைக் காப்பவள், அடைபட்ட வீட்டின் தலைவியாகிய நூர்ஜகான். தன் கணவன் தனக்கு மறைத்த செயலை அன்று அறிந்தவள் அவள். இந்நாவல் 1935-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது.

பழைய அமைப்பின் உறுப்புகள் அனைத்தும் இதிலும் உள. வீட்டில் இல்லாத ஆண், பழிக்கு ஆளாகும் பெண், சூழ்ச்சி செய்யும் நாத்தியர், அனைத்தும் அறிந்த படிப்போர். ஆயின் புதியன இரண்டு சேர்ந்துள்ளன. ஒன்று, சான்று. ஊர்வாயாக இருந்த அலர் இங்கே கடிதமாக, எழுத்தாக உருப்பெறுகிறது. வாய்ச்சொல்லை மறுக்க இயலாது. எழுத்தைப் பொய்யென மெய்ப்பிக்க இயலும். ஞானாசிரியரின் அருளால் விளங்கிய உண்மை இனி ஆராய்ச்சியால் விளங்கக் கூடியதாயிற்று. மற்றொன்று, பெண்ணைப் பெண்ணே காத்தல். மூளி அலங்காரிக்கும் பொன்னம்மாளுக்கும் எதிரே நூர்ஜகானை நிறுத்தியது இவ்வமைப்பின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க திருப்பமாகும்.

சட்டமும் ஊர்மன்றும் செய்யாதது

இந்நாவல்களை வெறும் பொழுதுபோக்கு எனக் கொள்வோர் அக்காலச் சட்டநிலையை நோக்குதல் வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, ஒருவரைப் பற்றி இயல்பாகச் செய்தி அறியக்கூடியவர்கள் ஏழாண்டுகள் எச்செய்தியும் அறியாராயின், அவர் உயிருடன் இருக்கிறார் என்பதை அவ்வாறு கூறுவோரே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. ஏழாண்டு செய்தியில்லாமை மணவிலக்கிற்குக் காரணமாகலாம் என்பது 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் இடம்பெற்றது. காணாமற்போனவர் இருக்கிறாரா, இறந்தாரா என்பதைச் சட்டம் கேட்டது. எஞ்சியிருந்தவள்மேல் சுமத்தப்பட்ட பழியைத் துடைக்கும் வழியை அது கூறவில்லை.

ஊர்மன்று கூறியதா எனின், அதுவும் ஆடவர் அவையே. பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய வணிக ஊர்கள் ஆறினும் நாடார் சமூகத்தார் உறவின்முறை என்னும் அமைப்பைக் கட்டினர். மகமை திரட்டிப் பள்ளிகளும் பேட்டைகளும் நிறுவினர். வழக்குகளையும் தமக்குள் தீர்த்தனர். இதன் சமுதாயப் பயன் மிகப் பெரிது. ஆயினும் அவ்வவையில் குடும்பத்தின் சார்பாக அமர்ந்தவர் மணமான ஆடவரே. தமிழ்நாட்டின் மற்றைச் சமூகப் பஞ்சாயத்துகளும் இதற்கு வேறல்ல. வீட்டினுள் நடந்ததை வீட்டினுள் இருந்தவள் தானே எடுத்துரைக்கும் அவை எங்கும் இல்லை.

அந்நிலையில் அவள் சொல்லைக் கேட்ட இடம் கதை ஒன்றே. வாசகர் என்னும் பேரவை முன்னிலையில் கமலாம்பாளும் மேனகாவும் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றனர். இதனாலேயே பெண்டிர் இந்நாவல்களை ஆவலுடன் படித்தனர் என யாம் கருதுகின்றோம். நடை தாழ்ந்தது, நிகழ்ச்சி மிகைப்பட்டது என்னும் குறைகள் உண்மையே. அவை கூறி இவற்றை ஆராயாது விடுதல் நேரிதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். காணாமற்போன குடும்பத்தின் கதை தமிழர்க்குப் புதிதன்று. அக்கதையில் படிப்போர் அறிந்ததை வீட்டுத் தலைவன் அறியாமையே விறுவிறுப்பிற்குக் காரணம். அவ்வறியாமைக்கு அவனது இன்மையே காரணமாயிருந்தும், பழி வீட்டிலிருந்த பெண்ணின்மேலேயே சென்றது. துப்பறியும் நாவல் பழிக்கப்பட்டவளை விடுவித்தது; ஆனால் அவளுக்கு ஈடாக மற்றொரு பெண்ணையே குற்றவாளியாக்கியது. வராகசாமியின் இன்மையை அதுவும் வினவவில்லை.

முதுகலை மாணாக்கர் இத்துறையில் செய்யத்தக்க பணி உண்டு. பெரிய எழுத்து நூலில் உள்ள நல்லதங்காளை மட்டும் கொண்டு அமையாது, மானாமதுரை முதல் அருச்சுனாபுரம் வரை வழியிலுள்ள திருச்சுழி, பாளையம்பட்டி போன்ற ஊர்களில் முதிய பெண்டிர் கூறும் வடிவங்களைத் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். அவ்வடிவங்களில் இரண்டு இடங்களைச் சிறப்பாக நோக்குக: நல்லதம்பி காட்டில் நின்றதற்குக் கூறும் காரணம் ஒன்று, மூளி அலங்காரியின் வீட்டில் அன்று தானியம் இருந்ததா என்பது மற்றொன்று. கதை சொல்லும் பெண்கள் அவ்விரண்டிடத்தும் என்ன சொல்கின்றனர் என்பதைப் பொறுத்தே, பழி பற்றி யாம் இங்குக் கூறிய கருத்து நிற்பதும் திருந்துவதும் ஆகும்.